நாகதாளி முள்ளில் கேட்ட ஒத்து

ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். தூணுக்குப் பின்னால் இருக்கிற நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். கூட்டம் என்றால் எனக்கு ஒரு தூண் வேண்டும். மேடையில் இருப்பவர்கள் கண்ணில் நான் படக் கூடாது.

மேடையில் ஒரு நாயன வித்துவானின் பெரிய படம், அதற்கு ரோஜா மாலை. அவருக்கு நூற்றாண்டு விழா. அந்தக் காலத்தில் அவர் வாசித்து வெளிவந்த கிராமபோன் அரக்குத் தட்டு ஒன்றைக் கம்ப்யூட்டரில் சுத்தம் செய்து வெளியிடப் போவதாக நோட்டீசில் போட்டிருந்தார்கள். அதைக் கேட்கத்தான் மன்னார்புரத்தில் என் தையல் கடையை அரை நாள் பூட்டிவிட்டு பஸ் ஏறி வந்திருந்தேன்.

பேச்செல்லாம் முடிந்து ஒருவழியாகத் தட்டைப் போட்டார்கள். பெரிய ஸ்பீக்கரில் நாயனம் வந்தது. இரைச்சல் இல்லை, கரகரப்பு இல்லை. விளக்கித் துடைத்துக் கவிழ்த்த எவர்சில்வர் பாத்திரம் மாதிரி இருந்தது. முன்வரிசையில் எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு மட்டும் என்னவோ போலிருந்தது. தரையில்லாத வீட்டில் நடக்கிற மாதிரி. என்ன குறை என்று பிடிபடவில்லை.

பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர். எழுபது தாண்டியிருக்கும். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. அவர் என்னைப் பார்க்காமல், மேடையையும் பார்க்காமல் சொன்னார்.

“அப்பாவ எடுத்துட்டாங்க.”

“என்னங்க?” என்றேன்.

“ஒத்தைக் காணோம் பாருங்க. இந்தப் பிளேட்டுல ஒத்து ஊதினது எங்கப்பா.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இந்தத் தொடரில் என் தையல் மெஷினைப் பற்றி எழுதிய வாரத்தில், “உங்கள் கிராமபோனைப் பற்றி எப்போது எழுதுவீர்கள்?” என்று சிலர் கேட்டிருந்தார்கள். கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று தள்ளிப் போட்டேன். ஆறவில்லை. ஆறாமலே எழுதுகிறேன்.

ஒரே சுரம்

ஒத்து என்பது பார்க்க நாயனம் மாதிரியே இருக்கும் ஒரு குழல். அதில் ஒரே ஒரு சுரம்தான் வரும். நாயனக்காரர் எங்கெங்கோ போய்த் திரும்பி வருவதற்கு ஒரு வீடு வேண்டுமே, அந்த வீடு அது. ஒத்துக்காரர் கன்னத்தில் காற்றைத் தேக்கிக்கொண்டு, மூக்கால் மூச்சை வாங்கி, இடையில் விடாமல் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். கச்சேரியில் முதலில் ஆரம்பிப்பவர் அவர். கடைசியில் முடிப்பவரும் அவர். இடையில் அவரை யாரும் பார்ப்பதில்லை. தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் காகிதத்தில் நாயனக்காரர் பெயர் இருக்கும், தவில்காரர் பெயர் இருக்கும். ஒத்துக்காரர் பெயரைப் போட்ட தட்டை நான் பார்த்ததில்லை.

நான் அஞ்சாம் வகுப்பு வரைக்கும் படித்தவன். சங்கீதம் யாரிடமும் கற்றுக்கொண்டதில்லை. ரவிக்கை தைக்கும்போது காதுக்கு ஏதாவது வேண்டும் என்று பழைய சாமான் கடையில் ஒரு பெட்டி கிராமபோனும் சில தட்டுகளும் வாங்கினேன். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த சங்கீதம். ஆனால் ஒத்து இல்லாத நாயனம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். காஜா எடுக்காத சட்டைக்குப் பொத்தான் தைத்த மாதிரி இருக்கும்.

விழா முடிந்தது. படிக்கட்டுப் பக்கம் ஒதுங்கி நின்றேன். கூட்டம் கலைந்த பிறகு விழாக் குழுவின் செயலாளர் தனியாக வந்தார். நல்ல மனிதர்தான். சிரித்துக்கொண்டே இருப்பவர். வாயைத் திறப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

“சார், ஒத்து கேக்கலைங்களே.”

“எது?”

“ஒத்துங்க. அடியில ஒரு சத்தம் வந்துகிட்டே இருக்குமே.”

“ஓ, அந்த உர்ர்னு வர்றதா? அதை எடுக்கத்தாங்க படாதபாடு பட்டோம். பிளேட்டோட ஆரம்பத்துல, நாயனம் வர்றதுக்கு முந்தி, அது மட்டும் தனியா வருது. அதை மாதிரிக்குக் கம்ப்யூட்டர்கிட்ட காமிச்சோம். இது எங்கெல்லாம் இருக்கோ மொத்தத்தையும் எடுத்துடுன்னு சொன்னோம். எடுத்துடுச்சு. எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க.”

“அதுதாங்க சார் ஒத்து.”

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு என் தோளைத் தட்டினார்.

“இருந்தா என்னங்க, நூற்றாண்டு நாயனக்காரருக்குத்தானே. அவரு இருக்காருல்ல?”

தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தேன். சொல்ல வேண்டியதெல்லாம் வழக்கம்போலப் பின்னால்தான் வந்தது. ஒரு மனிதன் கன்னம் வலிக்க ஊதியதைக் குப்பை என்று கம்ப்யூட்டருக்குக் காட்டிக்கொடுக்க உங்களுக்கு யார் உரிமை தந்தது? பந்தி முடிந்து இலை எடுக்கும்போது சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவரையும் சேர்த்துச் சுருட்டுவீர்களா? இப்படி எத்தனையோ. கேட்கிறவர் யாரும் பக்கத்தில் இல்லை. அந்தப் பெரியவர் மட்டும் மண்டபத்துக்கு எதிரே டீக்கடையில் நின்றிருந்தார்.

காப்பி கிளப்பில் சிரித்தவர்கள்

பெரியவர் பெயர் ரத்தினம். ஸ்ரீரங்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் அப்பா சுப்பையா. ஊரில் ஒத்து சுப்பையா என்பார்களாம்.

“என்கிட்ட அதே பிளேட்டு இருக்குங்கண்ணே. சுத்தம் பண்ணாதது. கடைக்கு வாங்க, போடுறேன், அப்பாவைக் கேக்கலாம்” என்றேன்.

அவர் டீயை உறிஞ்சாமல் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

“அந்தப் பிளேட்ட நான் கேக்குறதில்லைங்க. இன்னிக்கு வந்ததே, சுத்தம் பண்ணிருக்காங்கன்னு போட்டிருந்ததாலதான். அந்த எடம் தெளிஞ்சிருக்குமான்னு பாக்கலாம்னு வந்தேன்.”

“எந்த எடம்?”

அப்போதுதான் சொன்னார். சித்திரை வீதிப் பக்கம் ஒரு காப்பி கிளப் இருந்தது. அங்கே ஒரு கிராமபோன். நம்ம ஊர் வித்துவான் வாசித்த தட்டு என்று முதலாளி தினமும் சாயங்காலம் அதைப் போடுவார். தட்டின் பிற்பகுதியில் நாயனமும் தவிலும் உச்சத்துக்குப் போகிற இடம் ஒன்று வரும். அந்த இடத்தில் ஒத்து நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்து நாயனம் இறங்கும்போது திரும்ப வரும்.

அதை யாரோ ஒருவர் முதலில் கவனித்துச் சொல்லியிருக்கிறார். அப்புறம் அது ஒரு விளையாட்டு ஆகிவிட்டது. காப்பி குடிக்க வருகிறவர்கள் அந்த இடத்துக்காகவே காத்திருப்பார்கள். இடம் வந்ததும் எல்லோருமாக, “போச்சுடா சுப்பையா மூச்சு” என்று சொல்லிச் சிரிப்பார்கள். ஒருநாள் சுப்பையாவே காப்பி வாங்கத் தூக்குவாளியோடு உள்ளே போயிருக்கிறார். சரியாக அந்த நேரம். தூக்குவாளியை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பி வந்தாராம்.

“ஸ்கூல்ல என்னைய மூச்சுன்னுதாங்க கூப்பிடுவானுங்க. அக்காவ மூச்சு மவள்னுவாங்க. அக்காவுக்கு ஸ்ரீரங்கத்துல ஒரு எடம் பேசி வந்தது. மாப்பிள்ளை வீட்ல எவனோ, பொண்ணுக்கும் பாதியில மூச்சு நின்னுடப்போவுதுன்னு கேலி பேசிருக்கான். அப்பா காதுல விழுந்துருச்சு. வேணாம்னுட்டாரு. அப்புறம்தான் வையம்பட்டியில கட்டிக் கொடுத்தது.”

“அப்பா என்ன சொன்னாரு?”

“ஒரே ஒரு தடவ சொன்னாரு. நான் நிறுத்தலடா தம்பின்னு. யாரு நம்புவா? பிளேட்டே சொல்லுதே. சுருதிப்பெட்டி வந்தப்புறம் எல்லாரும் ஒத்தை விட்டாங்க. இவரு அதுக்கு முந்தியே விட்டுட்டு அரிசி மில்லுக்குப் போயிட்டாரு. நாங்க கேட்டதில்ல. அக்கா மட்டும் அப்பா சொன்னா நெசம்னு சண்டை போடும். என்னையும் சேத்துத்தான் திட்டும்.”

அவருக்கு வேண்டியது இவ்வளவுதான். அப்பா நிறுத்தினாரா, இல்லையா. அதைச் சொல்லக்கூடிய ஒரே சாட்சி அந்தத் தட்டு. அந்தச் சாட்சியைத்தான் விழாக் குழு நன்றாகக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, வாயைத் தைத்து அனுப்பியிருந்தது.

தட்டைக் கெடுக்கிற கைகள்

இங்கே கொஞ்சம் திட்டிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அரக்குத் தட்டை மனிதர்கள் படுத்துகிற பாட்டைப் பார்த்தால் வயிறு எரிகிறது. கே.கே. நகரில் ஒரு வீட்டுக்கு அளவெடுக்கப் போனேன். வரவேற்பறையில் தட்டின் நடுவில் முள் பொருத்திக் கடிகாரமாக மாட்டியிருந்தார்கள். இன்னொரு இடத்தில் சுடுதண்ணீரில் வளைத்துப் பூச்சாடி. ஒருவர் பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் தடவி வைத்திருந்தார். எண்ணெயில் தூசி ஏறி, கோடுகள் எல்லாம் அடைத்துப்போய், தோசைக்கல் மாதிரி இருந்தது. இன்னொருவர் ஸ்பிரிட் போட்டுத் துடைத்திருக்கிறார். அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். மரச் சாமானுக்கு பாலீஷ் போடுகிற ஆசாரியைக் கேட்டால்கூடச் சொல்லியிருப்பார். அவருடைய துணியில் கறுப்பாக வந்தது அழுக்கு இல்லை, பாட்டு.

தட்டு அப்படியொன்றும் பெரிதாகக் கேட்பதில்லை. சோப்புத் தண்ணீரில் மெல்லிய துணியை நனைத்துக் கோட்டின் போக்கிலேயே துடைக்க வேண்டும். நடுக் காகிதம் நனையக் கூடாது. நிழலில் உலர்த்த வேண்டும். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஸ்பிரிங்கை முழுதாக முறுக்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்துக்கும் புது ஊசி போட வேண்டும். இரும்பு ஊசி ஒரு பக்கம் ஓடினாலே மழுங்கிவிடும். அதற்காகத்தான் அந்தக் காலத்தில் ஊசியை டப்பா டப்பாவாக விற்றார்கள்.

நாங்கள் தையல்காரர்கள். மழுங்கின ஊசி பட்டுப்புடவையை என்ன செய்யும் என்று எங்களுக்குத் தெரியும். நூலை இழுத்துவிடும். புடவை சொந்தக்காரர் நம்மைச் சும்மா விடமாட்டார். தட்டில் பாடுகிறவர்கள் சண்டைக்கு வருவதில்லை. அதுதான் எல்லோருக்கும் வசதியாகப் போயிற்று.

இரண்டாவது சாட்சி

அடுத்த வாரம் ரத்தினம் அண்ணன் கடைக்கு வந்தார். நான் தட்டைத் துடைத்து, ஸ்பிரிங்கை முறுக்கி, புது இரும்பு ஊசி போட்டு வைத்தேன். முதலில் ஒத்து மட்டும் தனியாக வந்தது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு நாயனம் வந்து அதன்மேல் ஏறிக்கொண்டது.

ஊசி தட்டின் உள்பக்கம் போகப் போக, தவில் வேகம் பிடித்தது. அந்த இடம் வந்தது. ஊசி கிறீச்சிட்டது. தகரத்தைக் கல்லில் இழுக்கிற சத்தம். அந்தக் கூச்சலுக்குள் நாயனம் கிழிந்து கிழிந்து கேட்டது. ஒத்து இல்லை. பிறகு நாயனம் இறங்கியது, கூச்சல் அடங்கியது, ஒத்து மறுபடி இருந்தது.

ரத்தினம் அண்ணன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“சரி விடுங்க. உங்க பிளேட்டும் அதையேதான் சொல்லுது.”

“இருங்கண்ணே.”

“ரெண்டு பிளேட்டு ஒரே மாதிரி பொய் சொல்லுமா?”

எனக்கு அவர்மேல்கூடக் கோபம் வந்தது. இத்தனை வருடம் கழித்தும் அப்பா பக்கம் நிற்க இந்த மனிதருக்கு ஒரு தட்டு வேண்டியிருக்கிறதே என்று. ஆனால் அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது.  தட்டைப் பழைய புடவைத் துணியில் சுற்றி, அவரையும் கூட்டிக்கொண்டு ஜமால் பாயைப் பார்க்கப் போனேன்.

ஜமால் பாய் பழைய டவுனில் கடிகாரம், தையல் மெஷின், கிராமபோன் எல்லாம் பழுது பார்ப்பவர். எனக்கு மெஷினும் அவர்தான் பார்ப்பார். நடந்ததைச் சொன்னோம். தட்டைச் சாய்த்து, வெளிச்சத்தில் பிடித்து, பூதக்கண்ணாடியால் பார்த்தார்.

“உள்பக்கம் சாம்பல் பூத்திருக்கு, தெரியுதா? நொறுங்கின கோடு. எவனோ ஒரே ஊசியை மாசக்கணக்குல ஓட்டிருக்கான். தையக்காரரே, பிளவுஸுக்கு ஊசி மாத்துவீங்க, பிளேட்டுக்கு மாத்த மாட்டீங்களா?”

“நான் மாத்துறேன் பாய்.”

“நீங்க மாத்துறீங்க. உங்களுக்கு முந்தி வச்சிருந்த மவராசன் மாத்தலையே.”

ரத்தினம் அண்ணன் மெதுவாகச் சொன்னார், “காப்பி கிளப்பு முதலாளி ஊசிய அம்மில தேச்சுத் தேச்சுப் போடுவாரு. காசு மிச்சம்னு பெருமையா சொல்லுவாரு.”

“அப்புறம் என்ன? சத்தம் பெருசா இருக்குற எடத்துல கோடு ரொம்ப நெளியும். மழுங்கின ஊசி அந்த நெளிவுல திரும்பாது, போய் முட்டும். முட்டி முட்டிச் சுவரை இடிச்சிடும். எந்த ஊருல, எவன் வீட்டுல இருந்தாலும் இந்தப் பிளேட்டு மொதல்ல சாவுறது இந்த எடத்துலதான். உங்க வாப்பா நிறுத்தினாரா இல்லையான்னு இந்தக் கூச்சலுக்குள்ள எவனுக்குங்க தெரியும்?”



 ஓர் ஊசியின் விலைக்காக அந்த முதலாளி தட்டைக் கிழித்தார். கிழிந்த இடத்தைக் காட்டி ஒரு மனிதனைப் பார்த்து ஊரே சிரித்தது. அந்த மனிதன் அரிசி மில்லில் தவிடு சுமந்தான். இதில் நிறுத்தியது யார்?

“இப்ப கேக்க வழி இருக்கா பாய்?”

“இரும்பு வச்சீங்கன்னா இடிஞ்ச சுவர்ல மோதிக் கத்தத்தான் செய்யும். முள்ளு வச்சுப் பாருங்க. நாகதாளி முள்ளு. நிழல்ல நல்லாக் காஞ்சதா எடுத்து, சாய்ச்சுச் சீவி, உப்புத்தாள்ல தேச்சு வைங்க. முள்ளு வளைஞ்சு குடுக்கும், முட்டாது. சத்தம் கம்மியாத்தான் வரும். ஒரு தடவைக்கு மேல தாங்காது, திரும்பச் சீவணும். ஆனா உள்ள யாரு இருக்காங்கன்னு காட்டும், இன்ஷா அல்லாஹ்.”

வையம்பட்டியிலிருந்து முள்

நாகதாளிக்கு எங்கே போவது என்று யோசித்தேன். ரத்தினம் அண்ணன், “அக்கா ஊருல வேலி பூரா அதுதாங்க” என்றார். அவருடைய அக்கா சௌந்தரம் வையம்பட்டியில் மகன் வீட்டில் இருக்கிறார். எண்பதை நெருங்கும் வயது. அண்ணன் போன் செய்தார். அக்காவின் குரல் எனக்கே கேட்டது.

“முள்ளு எதுக்குடா ஒனக்கு?”

“அப்பா பிளேட்டு போட்டுப் பாக்கக்கா.”

 “அனுப்புறேன்” என்று மட்டும் பதில் வந்தது.

ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய முள் வந்தது. முதல் முள் பச்சை, வைத்ததும் மடங்கிவிட்டது. அடுத்ததை ரொம்பக் கூர்மையாகச் சீவிவிட்டேன், நுனி முறிந்தது. மிச்சத்தை இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்தில் பல நாள் காய வைத்தேன். ரவிக்கை வாங்க வந்த பெண்கள், “என்னண்ணே, முள்ளுல தைக்கப் போறீங்களா?” என்று கேலி செய்தார்கள். சொல்லி விளங்க வைக்கத் தெரியாமல் சிரித்து வைத்தேன்.

வேறு கச்சேரித் தட்டுகளில் வைத்துப் பார்த்தேன். நன்றாகக் காய்ந்த முள்ளில் பாட்டு மெத்தென்று வந்தது. இரைச்சல் இருந்தது. ஆனால் அது வெளியில் பெய்கிற தூறல் மாதிரி இருந்தது, பாட்டின்மேல் கொட்டவில்லை. கை பழகிய பிறகு அண்ணனை வரச் சொன்னேன்.

மத்தியான நேரம். தெருவில் நடமாட்டம் குறைவு. மின்விசிறியை நிறுத்தினேன். அண்ணன் கிராமபோன் பெட்டிக்கு அருகில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக் காதைக் கொடுத்தார்.

ஒத்து. பிறகு நாயனம். தவில் பக்கத்து வீட்டில் வாசிப்பது மாதிரி அடங்கிக் கேட்டது. உள்பக்கம் போகப் போக நானும் பெட்டிப் பக்கம் குனிந்தேன். அந்த இடம் வந்தது. கூச்சல் வரவில்லை. தொண்டை கட்டினவர் பேசுகிற மாதிரி நாயனம் கம்மியது, தவில் பொருமியது. அதற்கெல்லாம் அடியில், மெல்லிய நூலாக, ஒத்து போய்க்கொண்டிருந்தது. அறுபடவில்லை. நாயனம் இறங்கி வந்தபோது அது அங்கேயே இருந்தது.

அண்ணனைப் பார்த்தேன். அழவில்லை. அவருடைய கன்னம் இரண்டும் உப்பியிருந்தது. காற்றைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தார். தட்டு முடிந்த பிறகுதான் மூச்சை விட்டார்.

“அவரு சொன்னப்ப நான் சரிப்பான்னு சொன்னேங்க. நம்பிச் சொல்லல” என்றார்.

போனும் அந்தக் கட்சிதான்

உடனே அக்காவுக்குப் போன் போட்டார். நான் முள்ளைச் சீவி மறுபடி வைத்தேன். போனைப் பெட்டிக்கு அருகில் பிடித்தோம். தட்டு முடிந்ததும் அண்ணன் ஆசையாகக் கேட்டார்.

“கேட்டுச்சாக்கா?”

“நாயனம் விட்டு விட்டுக் கேட்டுச்சு. ஒத்தே இல்லியேடா. எதுக்குடா என்னைய ஏமாத்துற?”

எனக்குப் புரியவில்லை. பிறகு என் மகனைக் கேட்டதில் அவன் சொன்னான், ஒரே மாதிரி வருகிற சத்தத்தை இரைச்சல் என்று போனே தள்ளிவிடுமாம். பேசுகிறவர் குரல் தெளிவாகக் கேட்பதற்காகவாம். யார் கேட்டார்கள் இந்த உபகாரத்தை? காப்பி கிளப் போனது, கம்ப்யூட்டர் வந்தது, இப்போது சட்டைப் பையில் இருக்கிற போனும் அந்தக் கட்சியில் சேர்ந்துகொண்டது. ஒரு மனிதர் நிதானமாக, மாறாமல் ஊதினால் அவரைக் குப்பை என்று சொல்ல எத்தனை பேர்.

அண்ணன் போனில் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அக்கா, “நானே வர்றேன்” என்று வைத்துவிட்டார்.

மறுநாள் மகனைக்கூட அழைத்துக்கொள்ளாமல் தனியாக பஸ் ஏறி வந்தார். கையில் ஒயர் கூடை. குள்ளமான உருவம், கண்ணாடி. ஸ்டூலில் உட்கார்ந்ததும், “போடுங்க தம்பி” என்றார். வேறு பேச்சில்லை. தட்டு ஓடி முடிகிற வரைக்கும் கண்ணை மூடியிருந்தார். முடிந்ததும் தம்பியைப் பார்த்தார்.

“இப்ப நம்புறியா?”

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

“அந்தக் காப்பி கிளப்பு எடத்துல இப்ப யாருடா இருக்கா?”

“பேரன்க்கா. செல்போன் கடை வச்சிருக்கான்.”

“கெளம்பு.”

“எதுக்குக்கா? அவன் சின்னப்பய. அவனுக்கு என்ன தெரியும்?”

“தெரியாதுல்ல. தெரிஞ்சுக்கட்டும். தம்பி, அந்தப் பொட்டியையும் எடுத்துக்குங்க.”

முன்பின் தெரியாத கடையில் போய் நிற்பதென்றால் எனக்குப் பயம். ஆனால் அந்த அம்மாவுக்கு முடியாது என்று சொல்ல எனக்கு அதைவிடப் பயமாக இருந்தது. கிராமபோனை மடியில் வைத்துக்கொண்டு மூன்று பேரும் ஆட்டோவில் காவிரிப் பாலத்தைத் தாண்டினோம்.

செல்போன் கடை

சின்னக் கடை. கண்ணாடி மேஜை, சுவர் முழுக்க போன் உறைகள். வாசலில் ஒரு ஸ்பீக்கர் ஏதோ விளம்பரத்தைக் கத்திக்கொண்டிருந்தது. பேரனுக்கு முப்பது வயதிருக்கும்.

“வாங்க பாட்டி, ரீசார்ஜா?” என்றான்.

“இங்க ஒங்க தாத்தா காப்பி கிளப்பு வச்சிருந்தாரு.”

“ஆமா பாட்டி, அப்பா சொல்லிருக்காரு. உங்களுக்குத் தாத்தாவத் தெரியுமா?” அவன் முகம் மலர்ந்துவிட்டது. எழுந்து அக்காவுக்கு நாற்காலியைக் கொடுத்தான்.

அக்கா உட்காரவில்லை.

“ஒத்து சுப்பையான்னு கேள்விப்பட்டிருக்கியா?”

“இல்லையே பாட்டி. யாரு அவரு?”

“மூச்சு சுப்பையான்னு?”

“தெரியலையே பாட்டி.”

அக்கா வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிக்கொண்டு வந்திருப்பார். அத்தனையும் வாயில் நின்றுவிட்டது. தம்பியைத் திரும்பிப் பார்த்தார். அவரும் என்ன செய்வார்? இந்த வீட்டில் கிளம்பிய சிரிப்பு அந்த வீட்டில் ஒரு கல்யாணத்தைக் கலைத்தது, ஒரு மனிதனை மில்லுக்கு அனுப்பியது, அக்கா தம்பிக்குள் ஆயுசு முழுக்கச் சண்டை மூட்டியது. இந்த வீட்டில் அது யாருக்கும் ஞாபகமே இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கண்ணாடி மேஜையை உடைத்திருப்பேன். உடைத்து யாரைக் கேட்பது? பையன் பாவம், தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டிக்கொண்டு நிற்கிறான்.

அக்கா தண்ணீரை வாங்கிக் குடித்தார். நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அந்தச் சனியன நிறுத்துப்பா” என்று வாசல் ஸ்பீக்கரைக் காட்டினார். நிறுத்தினான். “ஒரு பிளேட்டு போடுறோம். நீ கேக்கணும்.”

“கேக்குறேன் பாட்டி.”

போன் உறைகளை ஒதுக்கி, பெட்டியை மேஜைமேல் வைத்தேன். ஸ்பிரிங்கை முறுக்கினேன். முள்ளைச் சீவி மாட்டினேன். கடைக்கு வந்த இரண்டு பேர் வாசலிலேயே நின்றார்கள். என்னைத்தான் பார்த்தார்கள். தூண் எதுவும் இல்லை. குனிந்தபடியே முள்ளைத் தட்டில் இறக்கினேன்.

பையன் முதலில் நின்றபடி கேட்டான். பிறகு முழங்கையை மேஜைமேல் ஊன்றிக் குனிந்தான். தெருவில் பஸ் போனது, ஹாரன் அடித்தது. தட்டு உள்பக்கம் போனது. தவில் ஏறியது. அக்கா கையைத் தூக்கினார், இந்த இடம் என்கிற மாதிரி. ரத்தினம் அண்ணனின் கன்னம் உப்பியது.

பையன் காதைப் பெட்டிக்கு இன்னும் கிட்டத்தில் கொண்டுபோனான்.

“பாட்டி, அடியில ஒண்ணு விடாம ஒரே மாதிரி வந்துகிட்டே இருக்கே, அது என்னது?”

“அதுதாம்ப்பா எங்கப்பா” என்றார் அக்கா.